பசியின் பாதை – 9: அறிவிப்புக்கு முன்னால் வருபவர்கள்

2011 ஜூலை 20 அன்று, தெற்கு சோமாலியாவின் பகூல், கீழ் ஷபெல்லே ஆகிய இரு பகுதிகளில் பஞ்சம் நிலவுவதாக ஐ.நா. அறிவித்தது. அதன் பிறகுதான் பணக்கார நாடுகளின் கஜானா திறந்தது. எலும்பும் தோலுமான குழந்தைகளின் படங்கள் தொலைக்காட்சிகளில் வந்தன, நன்கொடைகள் குவிந்தன. பஞ்சம் ஓய்ந்தபின் நடந்த ஆய்வு ஒன்று சாவின் கணக்கை மாதவாரியாகப் பிரித்துப் பார்த்தது. 2010 அக்டோபருக்கும் 2012 ஏப்ரலுக்கும் இடையில் ஏறத்தாழ 2,58,000 பேர் மடிந்திருந்தார்கள். அவர்களில் பாதிப்பேர் ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள். சாவு உச்சத்தில் இருந்தது 2011 மே முதல் ஆகஸ்ட் வரை, மாதத்துக்குச் சுமார் 30,000 பேர். அதாவது, பஞ்சம் என்று உலகம் ஒப்புக்கொண்ட நாளில் அந்த உச்சக்கட்டமே பாதிக்கு மேல் கடந்துவிட்டது. மழை பொய்க்கும் என்று முன்னெச்சரிக்கை நிபுணர்கள் 2010 ஆகஸ்டிலேயே சொல்லத் தொடங்கியிருந்தார்கள். இடையில் பதினோரு மாதம் இருந்தது. எச்சரிக்கைக்கும் அறிவிப்புக்கும் நடுவே கிடக்கும் அந்தக் காலத்தில் மக்களைக் காப்பாற்றக்கூடியவர்கள் யார், அவர்கள் கையில் ஏன் பணம் இருப்பதில்லை என்பதே இந்த வாரம் நம் முன்னால் உள்ள கேள்வி.

வறட்சி ஒரே நாளில் ஆளைக் கொல்வதில்லை. சோமாலியாவுக்கு ஆண்டில் இரண்டு மழைக்காலங்கள்: ஏப்ரலில் தொடங்கும் ‘கூ’, அக்டோபரில் தொடங்கும் ‘தெய்ர்’. ஒரு மழை தவறினால் மேய்ச்சல்காரர்கள் தாங்கிக்கொள்வார்கள். ஆட்டை விற்பார்கள், ஒட்டகத்தை வெகுதூரம் ஓட்டிப்போவார்கள், கடைக்காரரிடம் கடன் சொல்வார்கள். இரண்டாவது மழையும் தவறும்போது எல்லோரும் ஒரே நேரத்தில் ஆட்டை விற்க வருகிறார்கள். மெலிந்த ஆட்டின் விலை விழுகிறது, சோளத்தின் விலை ஏறுகிறது. ஓர் ஆட்டுக்கு முன்பு கிடைத்த தானியத்தில் ஒரு பங்குதான் இப்போது கிடைக்கிறது. குளம் வற்றுவதால் தண்ணீரையும் லாரிக்காரரிடம் விலைக்கு வாங்க வேண்டும். கடன் முற்றும்போது கடைக்காரர் கையை விரிக்கிறார். அதற்குப் பிறகுதான் குடும்பம் ஊரைவிட்டுக் கிளம்புகிறது. பைதோவாவிலோ மொகதிஷுவிலோ ஒரு முகாமில் நெருக்கியடித்துத் தங்கும்போது, சத்தில்லாத உடம்பில் அம்மையும் வயிற்றுப்போக்கும் புகுந்து குழந்தைகளை அள்ளிக்கொண்டு போகின்றன. இந்தப் படிகளில் மேலே நிற்கும் குடும்பத்தைச் சிறு தொகை காப்பாற்றிவிடும். கீழே இறங்க இறங்கச் செலவும் ஏறுகிறது, சாவும் ஏறுகிறது. எனவே எவ்வளவு பணம் வந்தது என்பதைப் போலவே, எந்தப் படியில் வந்தது என்பதும் உயிரைத் தீர்மானிக்கிறது.

முதல் படியிலேயே குடும்பத்தைப் பிடித்து நிறுத்த முடியும் என்று காட்டிய அமைப்பு ஒன்று உண்டு. சியாத் பாரேயின் ஆட்சி கவிழ்ந்து நாடு சிதறிய 1991-ல், ஃபாத்திமா ஜிப்ரெல் என்ற சோமாலியப் பெண்மணி தம் கூட்டாளிகளோடு தொடங்கிய ‘ஹார்ன் ரிலீஃப்’ அது; இன்று ‘அடேசோ’ என்ற பெயரில் இயங்குகிறது. கரிக்காகக் கருவேல மரங்களை வெட்டி வளைகுடா நாடுகளுக்கு ஏற்றுமதி செய்வது நிலத்தையே பாலையாக்குகிறது என்று கண்டு, புன்ட்லாந்து என்ற தன்னாட்சிப் பகுதியின் அரசு 2000-ல் அந்த ஏற்றுமதியைத் தடை செய்யும்வரை ஃபாத்திமா போராடினார். அதற்காக 2002-ல் கோல்ட்மேன் சுற்றுச்சூழல் விருதும் பெற்றார். வறட்சிக்கும் மரம் வெட்டுவதற்கும் உள்ள உறவை அவர் மேய்ச்சல் நிலத்தில் நின்று புரிந்துகொண்டவர். அந்தப் புரிதலில்தான் 2003-ன் முடிவில் ஒரு புதிய முயற்சி பிறந்தது. வடக்கே சூல், சனாக் பகுதிகளில் தொடர்ந்து மழை பொய்த்திருந்தது. தனியாட்சி நடத்தும் சோமாலிலாந்தும் புன்ட்லாந்தும் தமக்கே சொந்தம் என்று மல்லுக்கட்டும் நிலம் என்பதால், வெளி நிறுவனங்கள் அங்கே கால்வைக்கத் தயங்கின. ஹார்ன் ரிலீஃப், நார்வேயைச் சேர்ந்த ஓர் அமைப்போடு சேர்ந்து, சுமார் 13,800 குடும்பங்களுக்குத் தலா 50 டாலரை ரொக்கமாகவே கொடுத்தது. தானிய மூட்டையே நிவாரணம் என்றிருந்த காலத்தில் அது துணிச்சலான காரியம்.

அந்தப் பணத்தை மக்கள் என்ன செய்தார்கள் என்பதில்தான் பாடம் இருக்கிறது. பெரும்பகுதியைக் கொண்டு கடனை அடைத்தார்கள். பசித்தவர்கள் கையில் காசு கிடைத்ததும் அதைக் கடைக்காரரிடம் கொடுத்துவிட்டார்கள் என்று கேட்டால், வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது வீணாய்ப்போன பணமாகத் தோன்றும். மேய்ச்சல் நிலத்தின் கணக்கு அப்படிப்பட்டதல்ல. கடன் அடைந்ததும் கடைக்காரர் மறுபடி கடன் கொடுத்தார். லாரிக்காரர் மறுபடி தண்ணீர் கொண்டுவந்தார். 50 டாலர் ஒரு குடும்பத்துக்கு அரிசியும் சர்க்கரையும் மட்டும் வாங்கித் தரவில்லை. அறுந்துகிடந்த நம்பிக்கையை ஊர் முழுக்க மீண்டும் முடிச்சுப் போட்டது. கடன்தான் அந்தச் சமூகத்தின் காப்பீடு என்பது அங்கேயே பிறந்து வளர்ந்தவர்களுக்குத் தெரிந்திருந்தது. அந்த அறிவு எந்தத் தலைமை அலுவலகத்திலும் இல்லை. பணத்தைக் கொண்டுசேர்க்கும் வழியும் ஊரிலேயே இருந்தது. வங்கிகள் நொறுங்கிய நாட்டில், வெளிநாட்டில் வாழும் சோமாலியர்கள் வீட்டுக்குப் பணம் அனுப்பும் ஹவாலா நிறுவனங்கள்தான் வங்கியாக இருந்தன. ஆண்டுக்கு நூறு கோடி டாலருக்கு மேல் அவற்றின் வழியாகத்தான் வருகிறது. பின்னாளில் பெரிய நிறுவனங்கள் எல்லாம் சோமாலியாவில் ரொக்க உதவிக்கு மாறின. வழி காட்டியது உள்ளூர் அமைப்பு.

தெற்கே வேறொரு பாடம். மகப்பேறு மருத்துவரான ஹாவா அப்தி, மொகதிஷுவிலிருந்து அஃப்கோயி நகருக்குப் போகும் சாலையோரத்தில், தம் குடும்ப நிலத்தில் 1983-ல் ஒரு சிறு மருத்துவமனையைத் திறந்தார். போர் மூண்டபோது உயிர்தப்பி வந்தவர்கள் அந்த நிலத்தில் தங்கத் தொடங்கினார்கள். அவர் யாரையும் போகச் சொல்லவில்லை. 2011 பஞ்சத்தின்போது சுமார் 90,000 பேர் அங்கே தங்கியிருந்தார்கள். மருத்துவமனையோடு பள்ளியும் வந்தது, விவசாயமும் நடந்தது. நிலத்துக்கு வாடகை கிடையாது. ஆனால் இரண்டு கட்டளைகள் உண்டு: அங்கே யாரும் குலத்தின் பெயரால் பிரிந்து நிற்கக் கூடாது, எந்த ஆணும் மனைவியை அடிக்கக் கூடாது. மீறுபவரை அடைத்துவைக்க ஓர் அறையும் இருந்தது. 2010 மே மாதத்தில் ஹிஸ்புல் இஸ்லாம் ஆயுதக் கும்பல் மருத்துவமனைக்குள் புகுந்து, ஒரு பெண் இதை நடத்தக் கூடாது என்றது. அவர் அசையவில்லை. முகாமின் பெண்கள் எதிர்ப்புக் காட்டினார்கள். உலகெங்கும் இருந்த சோமாலியர்கள் கண்டித்தார்கள். கடைசியில் கும்பல் பின்வாங்கியது. எழுத்தில் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று அவர் பிடிவாதமாக நின்று அதையும் வாங்கினார். 2020 ஆகஸ்டில் அவர் காலமானார். அவருடைய மகள்களும் மருத்துவர்களாகி அந்தப் பணியைத் தோளில் ஏற்றார்கள். ஆயுதமில்லாத ஒருவரால் அந்த நிலத்தைக் காக்க முடிந்தது எதனால்? அவர் பிரசவம் பார்த்த பெண்களும் அந்த நிலத்தில் வளர்ந்த குழந்தைகளும் சுற்றி இருந்தார்கள் என்பதால். பல ஆண்டுகள் ஒரே இடத்தில் இருந்தால் மட்டுமே சேரும் பலம் அது. ஆறு மாதத் திட்டத்தோடு வந்து இறங்கும் எந்த நிறுவனத்துக்கும் அது வாய்க்காது.

இவ்வளவு இருந்தும், உதவிப் பணம் ஓடும் வாய்க்காலில் இந்த அமைப்புகள் கடைமடையில்தான் நிற்கின்றன. கொடை நாடு ஐ.நா. நிறுவனத்துக்குக் கொடுக்கிறது, அது ஒரு பன்னாட்டுத் தொண்டு நிறுவனத்துக்கு ஒப்பந்தம் தருகிறது, அது உள்ளூர் அமைப்புக்குத் துணை ஒப்பந்தம் தருகிறது. ஒவ்வொரு மடையிலும் நிர்வாகச் செலவு கழிகிறது. அதைவிட முக்கியமாக, வாரங்கள் கழிகின்றன. கடைசியில் உள்ளூர் அமைப்புக்கு வருவது ஒரு வேலைப்பட்டியல்: இன்ன ஊரில் இத்தனை பேருக்கு இன்ன பொருள் கொடு. எங்கே, எப்போது, எதைக் கொடுப்பது என்ற முடிவு அவர்களுடையதாக இருப்பதில்லை. ஆபத்து மட்டும் அவர்களுடையது. உலகெங்கும் உதவிப் பணியில் கொல்லப்படுபவர்களில் மிகப் பெரும்பாலோர் அந்தந்த நாட்டுப் பணியாளர்களே. இந்த அநீதியை மாற்றுவோம் என்று 2016-ல் இஸ்தான்புல் மாநாட்டில் கொடை நாடுகளும் பெரிய நிறுவனங்களும் உறுதி தந்தன: மனிதாபிமான நிதியில் 25 சதவீதம், 2020-க்குள், முடிந்தவரை நேரடியாக உள்ளூர் அமைப்புகளுக்கு. கெடு கடந்து ஆண்டுகள் ஆகின்றன. நேரடியாகப் போகும் பங்கு இன்னும் ஒற்றை இலக்கச் சதவீதத்திலேயே நிற்கிறது.

இதற்கு எதிராகச் சொல்லப்படும் வாதங்கள் அற்பமானவை அல்ல. முதல் வாதம் திருட்டு. சோமாலியாவில் நிவாரணம் திருடப்படுகிறது என்பது உண்மை. முகாம் நிலத்தைக் கையில் வைத்திருக்கும் தரகர்கள் அகதிகளுக்குக் கிடைக்கும் ரொக்கத்தில் பங்கு பிடுங்குகிறார்கள் என்று ஐ.நா.வே செய்த விசாரணை 2023-ல் சொன்னது. ஆனால் அந்தத் திருட்டு எந்த ஏற்பாட்டின்கீழ் நடந்தது என்று பார்க்க வேண்டும். 2010-ல் ஐ.நா. கண்காணிப்புக் குழு தந்த அறிக்கை, உலக உணவுத் திட்டத்தின் உணவில் பாதிவரை போக்குவரத்து ஒப்பந்தக்காரர்கள், உள்ளூர்ப் பங்காளிகள், ஆயுதக் குழுக்கள் கைக்குப் போனதாகக் குற்றம் சாட்டியது; நிறுவனம் அதை மறுத்தது. அளவு எதுவாயினும், அது தொலைவிலிருந்து நடத்தப்பட்ட மாபெரும் விநியோகம். பாதுகாப்புக் காரணத்தால் அதிகாரிகள் களத்துக்கே போக முடியாமல், கோட்டைச் சுவருக்குள் இருந்தோ நைரோபியிலிருந்தோ காகிதத்தைப் பார்த்துக் கணக்கு முடிக்கும் ஏற்பாடு. ஹாவா அப்தியின் நிலத்தில் வாடகைத் தரகருக்கு இடமே இருக்கவில்லை. உள்ளூர் என்ற சொல்லே நேர்மைக்குச் சான்றாகிவிடாது. போலி அமைப்புகள் அங்கும் உண்டு, தணிக்கை கண்டிப்பாக வேண்டும். ஆனால் பெரியது என்பதும் நேர்மைக்குச் சான்றாகாது என்பதை இந்த வரலாறு காட்டிவிட்டது.

இரண்டாவது வாதம் இன்னும் கனமானது: குலம். சோமாலியச் சமூகத்தில் உதவி குலத்தின் வழியே ஓடுகிறது. உள்ளூர் அமைப்பிடம் பணம் கொடுத்தால் அது தன் குலத்தாருக்கே போகும் என்கிறார்கள். 2011-ல் அதிகம் மடிந்தவர்கள் ஜுப்பா, ஷபெல்லே நதிகளுக்கு இடைப்பட்ட நிலத்தில் வாழும் ரஹன்வெய்ன் மக்களும் சோமாலி பாண்டு மக்களும். வெளிநாட்டில் சம்பாதிக்கும் உறவினர் அவர்களுக்குக் குறைவு. அரசியல் பலம் அதைவிடக் குறைவு. உறவின் வலை தாங்கிப்பிடித்தது, வலை உள்ளவர்களை மட்டும்தான். இதை மறுக்க முடியாது, மறுக்கவும் கூடாது. இதிலிருந்து பெறவேண்டிய முடிவு என்ன? ரஹன்வெய்ன், பாண்டு மக்கள் தாமே நடத்தும் சங்கங்களையும் பெண்கள் குழுக்களையும் தேடிப்பிடித்துப் பணம் தர வேண்டும் என்பதே. அவர்களைப் பார்க்கத் தவறியவர்கள் அண்டைக் குலத்தார் மட்டுமல்ல. 2008-ல் அமெரிக்கா, தெற்கின் ஆயுதக் குழுவான அல்-ஷபாபைப் பயங்கரவாத அமைப்பாக அறிவித்தபின், உணவு அவர்கள் கைக்குப் போனால் சட்டம் பாயுமே என்ற அச்சத்தில் உதவிகள் சுருங்கின. மிரட்டல் தாங்காமல் 2010 ஜனவரியில் உலக உணவுத் திட்டம் தெற்கின் பெரும்பகுதியிலிருந்து வெளியேறியது. 2011 நவம்பரில் அல்-ஷபாப் 16 நிறுவனங்களைத் தடை செய்தது. மிகவும் கைவிடப்பட்ட மக்கள் வாழ்ந்த இடமே உலகமும் கைவிட்ட இடமாயிற்று. அங்கே மிஞ்சியிருந்தவர்கள் அந்த ஊர்க்காரர்கள்தான்.

மூன்றாவது வாதம் அளவு. லட்சக்கணக்கானவர்கள் பசியில் இருக்கும்போது சிறு அமைப்புகளால் என்ன ஆகும் என்கிறார்கள். கப்பலில் தானியம் கொண்டுவருவதும், தடுப்பூசி வாங்குவதும், மழைக் கணிப்புச் செய்வதும் பெரிய நிறுவனங்களின் வேலை, அதில் ஐயமில்லை. ஆனால் கடைசி மைலில் நிகழும் வேலையை இன்றும் செய்துகொண்டிருப்பவர்கள் உள்ளூர் அமைப்புகளே. அவர்களிடம் இல்லாதது ஆள்பலம் அல்ல, முன்பணமும் முடிவுரிமையும். பல நாடுகளின் கொடையை ஒரே குடத்தில் சேர்த்து, தணிக்கைக்கு உட்பட்ட அமைப்புகளுக்கு நேராகத் தரும் சோமாலியா மனிதாபிமான நிதி, அண்மை ஆண்டுகளில் பாதிக்கு மேற்பட்ட தொகையை உள்ளூர் அமைப்புகளுக்கே கொடுத்துவருகிறது. வழி இருக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். அந்தக் குடத்தில் விழும் பணம்தான் மொத்த உதவியில் சிறு துளியாக இருக்கிறது.

2017-ல் மழை பொய்த்தபோது பணம் சற்று முன்னதாக வந்தது; ரொக்கம் மக்கள் கைக்கே போயிற்று; பஞ்சம் தவிர்க்கப்பட்டது. 2020 இறுதியிலிருந்து அடுத்தடுத்து ஐந்து மழைக்காலங்கள் தவறின. பைதோவாவில் பஞ்சம் வரும் என்று கணித்தார்கள்; கடைசிவரை முறைப்படி அறிவிக்கப்படவில்லை. ஆனால் 2022-ஆம் ஆண்டில் மட்டும் 43,000 பேர் கூடுதலாக இறந்திருக்கலாம் என்றும், அவர்களில் பாதிப்பேர் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் என்றும் ஆய்வாளர்கள் மதிப்பிட்டார்கள். அறிவிப்பு என்ற சொல்லுக்காகக் காத்திருப்பது எவ்வளவு கொடியது என்பதற்கு இந்த எண் போதும். இப்போது நிலைமை மேலும் கெட்டிருக்கிறது. 2025-ல் அமெரிக்கா தன் உதவி நிறுவனத்தையே இழுத்து மூடியது. அதே ஆண்டு ஆகஸ்டில் 11 லட்சம் பேருக்கு அவசர உணவு கொடுத்துவந்த உலக உணவுத் திட்டம், நவம்பருக்குள் அதை மூன்றரை லட்சமாகக் குறைக்க நேரும் என்று அறிவித்தது. உள்ளூர் அமைப்புகள் இருக்கின்றனவே, அவை பார்த்துக்கொள்ளும் என்று யாராவது சொல்வார்களானால், அது இந்தக் கட்டுரையின் வாதத்தைத் தலைகீழாக்குவது. பணத்தை நிறுத்துவதற்கு உள்ளூர் அமைப்பு சாக்காகக் கூடாது. பணம் போய்ச்சேர வேண்டிய முகவரி அது.

ஆகவே கேட்கவேண்டியவை நான்கு. முதல் மழை தவறியதுமே, எந்த அறிவிப்புக்கும் காத்திராமல், முன்கூட்டி ஒப்புக்கொண்ட தொகை தானாக விடுவிக்கப்பட வேண்டும். அது துணை ஒப்பந்தங்களின் படிகளில் இறங்காமல் களத்தில் உள்ள அமைப்புக்கு நேராக வர வேண்டும். சிறுபான்மைக் குலங்களின் அமைப்புகளுக்கு அதில் தனிப்பங்கு வேண்டும். எதைக் கொடுப்பது என்ற முடிவை உள்ளூர் அமைப்புகளிடமே விட்டு, கணக்கை ஊரார் முன்னிலையில் கேட்க வேண்டும். இவற்றில் ஒன்றுகூடக் கூடுதல் பணம் கேட்கவில்லை. நம்புவதற்கான மனம் கேட்கிறது. சூல், சனாக் மேய்ச்சல்காரர்களை நம்பி ரொக்கத்தைக் கொடுத்த அமைப்பு ஏமாறவில்லை. அவர்களை நம்பாமல் காத்திருந்தவர்கள்தான் ஒவ்வொரு முறையும் பிணங்களை எண்ணவேண்டி வந்தது.

முகாமில் கிடைக்கும் ரொக்கத்தில் பங்கு பிடுங்கும் நிலத் தரகர்கள் எப்படி உருவானார்கள், அவர்கள் பிடியைத் தளர்த்த என்ன வழி என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)