வால்வு ஒலி அமுக்கி: அமைக்கும் முறையும் பாதுகாப்பும்

மெல்லிய குரலில் பேசுபவர் திடீரென உரக்கப் பேசுவாராயின், மின் சைகை ஒலிபரப்புக் கருவியின் எல்லையை மீறும், ஒலி சிதைவுறும். குமிழைக் கையால் திருப்பி இதனைத் தடுக்க எவருக்கும் நேரம் போதாது. உரத்த ஒலியைத் தானாகவே தணிக்கும் சாதனமே ஒலி அமுக்கி எனப்படும்.

இது பல வகைப்படும். 1959-இல் வெளிவந்த ஃபேர்சைல்ட் 670 கருவியில் 20 வால்வுகள் உண்டு; சைகை ஓங்குங்கால் சில வால்வுகளின் பெருக்குந்திறன் குறைந்துவிடும். 1960-களில் ஜேம்ஸ் லாரன்ஸ் அமைத்த எல்.ஏ.-2ஏ கருவியிலோ ஒளியே இப்பணியைச் செய்கிறது. சைகையின் ஒரு பகுதி ஒளிரும் தகடொன்றை இயக்குகிறது; அவ்வொளி பட்டதும் எதிரேயுள்ள ஒளியுணர் தடையின் மின்தடை குறைய, ஒலி தணிகிறது. இதற்கு ஏறத்தாழ 10 மில்லி வினாடியே ஆகும்.

கருவியை அமைக்குமுன் அதன் மின்னழுத்தத்தை நோக்குதல் வேண்டும். 115 வோல்ட்டுக்கென அமெரிக்காவில் செய்யப்பட்டதை இந்தியாவின் 230 வோல்ட் மின்சாரத்தில் நேராக இணைத்தலாகாது. தக்க மின்மாற்றி தேவை. கருவியிலேயே அழுத்தத்தை மாற்றும் வசதியிருப்பின், உருகியையும் அதற்கேற்ப மாற்றுக. வால்வுகள் மிகுந்த வெப்பம் தருவன. ஆகையால் மேலும் கீழும் காற்றோட்டத்திற்கு இடம் விடுக. இணைப்புகள் யாவும் மின்சாரம் நிறுத்தப்பட்ட நிலையிலேயே செய்யப்படல் வேண்டும்.

இயக்கியபின் சுமார் 15 நிமிடம் காத்திருந்து, உரத்த பகுதிகளில் முள் 3 முதல் 5 டெசிபெல் வரை குறைவு காட்டுமாறு அமுக்கக் குமிழைத் திருப்புக. பின்னர் பெருக்கக் குமிழால் இழந்த அளவை ஈடுசெய்க. அமுக்கம் மிகின், பேச்சின் இடைவெளிகளில் இரைச்சல் மேலெழும்.

இரைச்சலன்றி ஓயாத ரீங்காரம் கேட்குமாயின், சிலர் மூன்றாம் முனையான நில இணைப்பைத் துண்டித்துவிடுகின்றனர். இது உயிருக்கே ஆபத்தாகும். காப்புச் சிதைந்து கருவியின் உலோக உறையில் மின்சாரம் பாயுமாயின், தொடுபவரைக் காப்பது அவ்விணைப்பே. ஒலிக்கம்பியின் உலோகப் போர்வையை ஒரு முனையில் மட்டும் விடுவித்துப் பார்ப்பதே முறை.

மற்றோர் அபாயம் கண்ணுக்குப் புலப்படாதது. கருவியின் உள்ளே சில நூறு வோல்ட் நேர்மின்னழுத்தம் உண்டு. முளையைப் பிடுங்கி விளக்கு அணைந்த பின்னரும் மின்தேக்கிகளில் அது தங்கியிருக்கக்கூடும். ஆகவே மூடியைத் திறக்கும் பயிற்சி பெற்றவரும் சில நிமிடம் காத்திருந்து, ஒவ்வொரு மின்தேக்கியையும் மீட்டரால் அளந்து, எஞ்சிய மின்னூட்டத்தைத் தக்க மின்தடை வழியே வடித்து, மீண்டும் அளத்தல் வேண்டும். திருப்புளியால் குறுக்கிணைத்தல் தகாது. அளக்குங்கால் ஒரு கையைக் கருவியினின்றும் விலக்கி வைத்துக்கொள்வதும், தனித்திராது துணைக்கு ஒருவரை வைத்துக்கொள்வதும் நன்று.

விசை நிறுத்தப்பட்டது என்பதனாலேயே கருவி அபாயமற்றதாகிவிடாது. மீட்டர் முள் பூச்சியத்தைக் காட்டிய பின்னரே உள்ளே கை வைக்கலாம்.