மொட்டை மாடிக்கு வெள்ளியா, வெள்ளையா?

மதுரைக்குப் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். வீட்டைப் புதுப்பிக்கிறார்களாம். கோடையில் மாடி அறையில் இரவு படுக்கவே முடிவதில்லையாம். பழைய தட்டோட்டைப் பெயர்த்துப் போட்டுவிட்டு வெள்ளி நிறப் பூச்சு அடிக்கலாம், பளபளவென்று வெயிலைத் திருப்பி அனுப்பிவிடும் என்கிறார் கான்ட்ராக்டர். ஓடு நன்றாகத்தான் இருக்கிறது, மேலே சுண்ணாம்பு அடித்தால் போதும் என்கிறார் கொத்தனார். யார் பேச்சைக் கேட்பது?

கொத்தனார் பேச்சை. பத்தில் ஒரு பங்கு செலவில் முடிகிறது என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. இயற்பியலும் அவர் பக்கம்தான்.

முதலில், வெயில் போன பிறகும் ஏன் வேகிறது? ஆயிரம் சதுர அடிக்கு ஐந்து அங்குல கான்கிரீட் தளம் என்றால் எடை ஏறக்குறைய 28 டன். அவ்வளவையும் பத்து டிகிரி சூடேற்றினால் அதற்குள் சேரும் வெப்பம், மின்சாரக் கணக்கில் சொன்னால், 68 யூனிட்டுக்குச் சமம். பகல் முழுக்கச் சேர்ந்த இந்தச் சரக்கில் ஒரு பகுதி மேலே வானத்துக்குப் போகிறது. மிச்சம் நம் தலைமேல் இறங்குகிறது. தளத்தின் மேற்பரப்பில் உச்சம் பிற்பகலில் என்றால், அடிப்பரப்பில் அது சில மணி நேரம் கழித்துத்தான் வரும். மின்விசிறி அந்தச் சூட்டைக் கீழே தள்ளுகிறது, அவ்வளவுதான். ஆகவே தளம் சூட்டை வாங்காமல் இருப்பது ஒரு வேலை, வாங்கியதை மேல்பக்கமாகவே விட்டுத்தள்ளுவது இன்னொரு வேலை. பூச்சு விற்பவர்கள் முதல் வேலையைப் பற்றி மட்டுமே பேசுகிறார்கள். எனக்குப் பிடித்தது இரண்டாவது.

தளத்தின் வெப்பத்தை ஒரு வீட்டு வரவு செலவாக எழுதிப் பாருங்கள். உறிஞ்சும் வெயில் வரவு. தளம் மேல்நோக்கி வீசும் அகச்சிவப்புக் கதிர் செலவு. கையிருப்பு ஏறினால் சூடு ஏறும். தார் பூசிய கறுப்புத் தளம் வரவும் செலவும் பெருத்த வீடு. பளபளக்கும் உலோகப் பரப்பு, வரவு குறைவாக இருந்தும் பெட்டியைத் திறக்காத வீடு. கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்தே கையிருப்பு ஏறிவிடும். வெயிலில் கிடந்த அலுமினியத் தகட்டைத் தொட்டவர்களுக்கு இது தெரியும். சுண்ணாம்புத் தளமோ வருவதில் முக்கால் பங்குக்கு மேல் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டு, உள்ளே வந்த கொஞ்சத்தையும் கையில் வைத்துக்கொள்ளாது. 27 டிகிரியில் இருக்கும் சுண்ணாம்புப் பரப்பு ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 400 வாட் கதிரை வீசுகிறது. மெருகிட்ட அலுமினியம் அதே சூட்டில் 50 வாட்கூட வீசாது. வெள்ளிப் பெயின்ட் இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ நிற்கும்.

ஒரே பொருள் எப்படி இரண்டு விதமாக நடந்துகொள்கிறது? சூரிய ஒளியின் உச்சம் அரை மைக்ரான் அலைநீளத்தில் இருக்கிறது. சுண்ணாம்பின் நுண்துகள்கள் அதைச் சிதறடித்துவிடுகின்றன. நம் கண்ணுக்கு வெள்ளை. சூடான தளம் வீசும் கதிரின் உச்சமோ ஒன்பது, பத்து மைக்ரானில். இறுகிய சுண்ணாம்பிலுள்ள கார்பனேட் பிணைப்புகள் அதிர்கிற வேகம் இந்த வட்டாரத்தில்தான் விழுகிறது. உறிஞ்சவும் வீசவும் அவற்றுக்குத் தடையில்லை. அகச்சிவப்பை மட்டுமே பார்க்கும் ஒரு கண் இருந்தால் அதற்குச் சுண்ணாம்பு கரிக்கு நெருங்கிய நிறத்தில்தான் தெரியும். பகலவனுக்கு வெள்ளை, இரவு வானத்துக்குக் கறுப்பு! உலோகத்திலோ கட்டற்ற எலெக்ட்ரான்கள் இரண்டு அலைநீளத்தையும் ஒரே மாதிரி திருப்பித் தள்ளிவிடுகின்றன, உள்ளிருந்து வெளியேறப் பார்ப்பதையும் சேர்த்து.

இந்தக் கணக்கில் மொய்யும் உண்டு. நாம் வானத்துக்குக் கதிர் வைத்தால் வானமும் பதிலுக்கு வைக்கிறது. காற்றிலுள்ள நீராவி அகச்சிவப்பை வாங்கித் திரும்பக் கீழே அனுப்புகிறது. 8 முதல் 13 மைக்ரான் வரை மட்டும் வறண்ட காற்றில் ஒரு சன்னல் திறந்திருக்கும். அந்த வழியாகப் போனது விண்வெளிக்கே போய்விடும், பதில் மொய் வராது. மதுரை, கரூர் பக்கம் தெளிந்த இரவுகளில் தளம் சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துபோவது இப்படித்தான். சென்னையின் ஈரக்காற்றில் சன்னல் பாதி மூடியிருக்கும். வைத்த மொய்யில் பெரும்பகுதி அன்று இரவே திரும்பி வரும். மேகம் கவிந்தால் அனேகமாக முழுவதும். அதனால் கடலோரத்தில் இரவுக் குளிர்ச்சி குறைவு. பகலில் வெயிலைத் திருப்பும் பலன் மட்டும் எந்த ஊரிலும் உண்டு.

இந்த இரவுக் குளிர்ச்சியின் வரலாற்றைப் பெரிதாகச் சொல்ல வேண்டியதில்லை. அலகாபாத்தில் ஆழமில்லாத மண்தட்டுகளில் நீர் ஊற்றி, வைக்கோல் மேல் வைத்து, குளிர்கால இரவுகளில் ஐஸ் எடுத்ததை ராபர்ட் பார்க்கர் 1775இல் லண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதினார். பனித்துளிக்கும் வானத்தை நோக்கி வெப்பம் கதிராகப் போவதற்கும் உள்ள தொடர்பை வில்லியம் சார்லஸ் வெல்ஸ் 1814இல் விளக்கினார்.

இன்றைய ஆரவாரத்துக்கு வருவோம். அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகம் 2021இல் பேரியம் சல்பேட் கலந்த ஒரு பெயின்ட்டைக் காட்டியது. சூரிய ஒளியில் 98.1 சதவீதத்தைத் திருப்புகிறது. அருமையான ஆராய்ச்சி. ஆனால் தெருப்புழுதி படிகிற மாடியில் கடைசிப் பத்து சதவீதத்தை முதலில் தின்பது புழுதிதான். விளம்பரங்களில் வரும் ‘15 டிகிரி குறையும்’ என்ற வாக்குறுதி தளத்தின் மேற்பரப்புக்கு உண்மையாகவே இருக்கலாம். அறைக்குள் குறைவது சில டிகிரிதான். அந்தச் சில டிகிரியும் தூக்கத்துக்குப் பெரிய விஷயம். அதற்காக இல்லாததைச் சொல்லி விற்க வேண்டியதில்லை. பூச்சு வாங்கத்தான் போகிறீர்கள் என்றால் எஸ்.ஆர்.ஐ. எண்ணைக் கேளுங்கள்: திருப்புவது, வீசுவது இரண்டையும் சேர்த்துக் கணக்கிட்டது அது. புதிதாக அடித்தபோது உள்ள எண்ணோடு மூன்று ஆண்டு வெயில் மழை பட்ட பிறகு எவ்வளவு என்பதையும் கேளுங்கள். வெயிலைத் திருப்பும் குளிர்கூரைகளுக்கென 2023இல் தெலங்கானா தனிக் கொள்கையே வெளியிட்ட பிறகு, அந்தப் பெயரில் விற்கப்படும் எல்லாவற்றையும் ஒன்றாக எண்ணும் பழக்கம் வந்துவிட்டது.

வாசகரின் தட்டோட்டுக்கு வருகிறேன். தட்டிப் பார்த்தால் வெற்றொலி வராத, ஒழுகாத ஓட்டைப் பெயர்க்காதீர்கள். அதற்கடியில் உள்ள செங்கல் ஜல்லிச் சுண்ணாம்புக் கலவை நல்ல வெப்பத் தடுப்பு. அதை உடைத்துக் குப்பையாக்கி, லாரியில் ஏற்றி எங்கோ ஏரிக்கரையில் கொட்டி, புதிய சிமென்ட்டும் வெள்ளிப் பூச்சும் கொண்டுவந்து போட்டுவிட்டு, அதைப் பசுமை வீடு என்று சொல்வது சரியில்லை. விரிசல் இருந்தால், ஓட்டு இணைப்பு பழுதாக இருந்தால் அதை மட்டும் முதலில் சரிசெய்யுங்கள்; ஒழுகும் தளத்தில் எந்தப் பூச்சும் நிற்காது.

பிறகு கிளிஞ்சல் சுண்ணாம்பு. நீற்றும்போது கொதித்துத் தெறிக்கும். கண்ணைக் காத்துக்கொள்ள வேண்டும். ஊறவிட்டு வடிகட்டி, தளத்தை நனைத்து, வெயில் தாழ்ந்த பிறகு இரண்டு மூன்று கை அடிக்கலாம். சூளையில் வேகும்போது கிளிஞ்சல் விட்ட கரியமில வாயுவை, பூசிய சுண்ணாம்பு இறுகும்போது மெல்லத் திரும்ப வாங்கிக்கொள்கிறது. சூளைக்கு எரித்த கரியின் புகை மட்டும் கணக்கில் நிற்கும். சுண்ணாம்பு கரைந்துபோகும் என்பது அதன்மேல் சொல்லப்படும் குறை. கரையும்தான். ஆனால் நம் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில். தை, மாசியில் அடித்தால் கோடை முழுக்க வெள்ளை இருக்கும், வடகிழக்குப் பருவமழையில் போகும், அடுத்த தையில் மறுபடி அடித்துக்கொள்ளலாம். மாடி மழைநீரைத் தொட்டியில் சேர்ப்பவர்கள் முதல் மழைகளின் தண்ணீரை மட்டும் வெளியே திருப்பிவிடுங்கள்; அதில் சுண்ணாம்பு கலந்திருக்கும்.