காப்பாற்றப் போகிறவர் முதலில் கற்கும் பாடம்

குளத்தில் ஒரு பிள்ளை தவறி விழுகிறது. கரையில் நின்ற சித்தப்பா ஒன்றும் யோசியாமல் பாய்கிறார். சற்று நேரத்தில் இரண்டு பேரையும் காணவில்லை. இப்படியான செய்திகளை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். சித்தப்பாவிடம் அன்பும் குறைவில்லை, துணிவும் குறைவில்லை. அவரிடம் இல்லாதது பயிற்சி ஒன்றே. 2021ஆம் ஆண்டில் மட்டும் உலகில் ஏறக்குறைய 3 இலட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்ததாக உலக சுகாதார ஸ்தாபனம் கணக்கிட்டுள்ளது.

நீரில் மற்றவரைக் காப்பாற்றுவதையே ஒரு பாடமாகப் படிப்பவர்களும் இருக்கிறார்கள். காற்றுச் சிலிண்டரை முதுகில் கட்டிக்கொண்டு கடலடிக்குச் செல்லும் சுழியோடிகளுக்கென உள்ள 'மீட்புச் சுழியோடி' பயிற்சிநெறியே அது. கடினமான பயிற்சி. ஆனால் அதில் கற்பிக்கப்படும் பல விடயங்கள் குளக்கரையில் வாழும் நமக்கும் பயன்படுவன.

முதலில் தன்னைக் காத்தல்

1966இல் தொடங்கப்பட்ட பி.ஏ.டி.ஐ. போன்ற சர்வதேச அமைப்புகள் இப்பயிற்சியை நடத்துகின்றன. இதில் சேருபவர் ஏற்கனவே சுழியோடப் பழகியிருக்க வேண்டும். கடந்த 24 மாதங்களுக்குள் முதலுதவியும் செயற்கைச் சுவாசமும் கற்றிருக்கவும் வேண்டும். முதற் பாடம் தன் பாதுகாப்பு. நில், மூச்செடு, யோசி, பிறகு செய் என்பதே அதன் சுருக்கம்.

இதற்குக் காரணம் உண்டு. 10 மீற்றர் ஆழத்தில் அமுக்கம் நீர்மட்டத்தில் உள்ளதைப்போல இரண்டு மடங்கு. அங்கே சிலிண்டரிலிருந்து இழுத்த காற்றை அடக்கிக்கொண்டு மேலே வந்தால் அது இரு மடங்காக விரியப் பார்க்கும், நுரையீரல் கிழிந்துவிடலாம். பயந்த மனிதன் செய்வதோ இதைத்தான். மூச்சை அடக்குகிறான், மேலே பாய்கிறான். ஆகவே பயத்தை அடக்கப் பழகாதவர் பிறரைக் காப்பாற்ற முடியாது.

பயந்தவரை அணுகுதல்

தத்தளிப்பவர் கைக்கு அகப்பட்டதைப் பிடித்து அதன்மேல் ஏறப் பார்ப்பார். அது அவருடைய குற்றமல்ல. எனவே மீட்பவர் அவர் கைக்கு எட்டாத தூரத்தில் நின்று, உரத்த குரலில், "அங்கியில் காற்றை நிரப்புங்கள், ஈயக்கட்டியைக் கழற்றி விடுங்கள்" என்று சொல்கிறார். கேட்காவிட்டால் பின்புறமாகச் சென்று, அவருடைய சிலிண்டரை முழங்கால்களுக்கிடையில் இறுக்கிப் பிடித்து, அங்கியில் தானே காற்றை நிரப்புகிறார். அவர் பிடித்துக்கொண்டாலோ, மீட்பவர் மல்லுக்கட்டாமல் நீருக்குள் அமிழ்கிறார். மேலே வரத் துடிப்பவர் கீழே போகிறவரை விட்டுவிடுவார்.

ஒருவர் காணாமற் போனால், கடைசியாகக் கண்ட இடம் எது என்பதே முதற் கேள்வி. அந்த இடத்தை மையமாக வைத்து, கயிற்றின் உதவியுடன் வட்டமாகத் தேடுவார்கள். தனியே ஒருவரும் இறங்குவதில்லை. சிலாவத்துறை, அரிப்புக் கடலில் முத்துக் குளித்தவர்களுக்கும் படகில் கயிறு பிடிக்க ஒருவர் இருந்தார்.

மிகக் கடினமான பகுதி கடைசியில் வருகிறது. உணர்விழந்தவரை நீர்மட்டத்துக்குக் கொண்டுவந்து, 5 செக்கனுக்கு ஒருமுறை அவருக்கு மூச்சுக் கொடுத்தபடியே கரைக்கு இழுத்து வரவேண்டும். இடையில் இருவருடைய பாரமான கருவிகளையும் கழற்ற வேண்டும். கை சோர்ந்தாலும் எண்ணிக்கை தவறக்கூடாது.

நமது குளக்கரையில்

இடம்பெயர்ந்து வந்த இடத்தில் குளமும் புதிது, கிணறும் புதிது. சொந்த ஊரில் எங்கே ஆழம், எங்கே சேறு என்பது சிறு பிள்ளைக்கும் தெரிந்திருந்தது. இங்கே தெரியாது. ஆகையால் இவற்றை வீட்டிலுள்ள எல்லோருக்கும் சொல்லி வையுங்கள்:

1. உடனே பாயாதீர்கள். கூக்குரலிட்டு ஆட்களைக் கூப்பிடுங்கள்.

2. கரையில் படுத்துக்கொண்டு தடியையோ சேலையையோ நீட்டுங்கள். எட்டாவிட்டால் கயிறு கட்டிய வெற்றுக் கானை எறியுங்கள். வள்ளம் இருந்தால் அதில் செல்லுங்கள். நீந்திப் போவது கடைசி வழி. அதுவும் பழகியவருக்கு மட்டும்.

3. ஒருவர், மூழ்கிய இடத்திலிருந்து கண்ணை எடுக்காமல் கையால் காட்டிக்கொண்டே நிற்கட்டும்.

4. வெளியே எடுத்தவரைத் தலைகீழாகத் தூக்கிச் சுற்றாதீர்கள், வயிற்றை அமுக்காதீர்கள். நேரம்தான் வீணாகும். மூச்சு இல்லையானால் உடனே வாயோடு வாய் வைத்து மூச்சுக் கொடுங்கள். பின்னர் நெஞ்சின் நடுவில் 30 முறை அழுத்தல், 2 முறை மூச்சு என்று விடாமல் தொடருங்கள். இதற்கிடையில் ஒருவர் 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்ஸ் கேட்கட்டும்.

5. கண் விழித்து எழுந்தாலும் வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். சில மணி நேரத்தின் பின்னும் மூச்சு முட்டக்கூடும்.

செயற்கைச் சுவாசத்தை வாசித்து மட்டும் கற்க முடியாது. முதலுதவி தெரிந்த ஒருவரை உங்கள் கிராமக் கூட்டத்துக்கு அழைத்து, ஒரு மாலை நேரம் செய்து பழகுங்கள். அதற்கு முன், இன்றைக்கே செய்யக்கூடியது ஒன்று உண்டு. குளக்கரை மரத்தில் ஒரு நீளக் கயிறும் மூடி இறுக்கிய ஒரு வெற்றுக் கானும் கட்டித் தொங்கவிடுங்கள். தண்ணீர் அள்ள அவற்றை எவரும் எடுக்காதிருக்கட்டும். ஒரு நாள் அவை ஒன்றல்ல, இரண்டு உயிர்களைக் காக்கலாம்.