வியாபாரப் புத்தி வர்த்தகம் படித்தவருக்கு மட்டுமா?

அண்மையில் கல்முனை பஸாரிலுள்ள எனது புடவைக் கடைக்கு ஒரு தம்பி வந்தார். கலைப் பட்டதாரி. “காக்கா, அரச நியமனம் வரும் வரைக்கும் ஏதும் வேலை இருக்கா?” என்றார். “சொந்தமாக ஒன்று தொடங்கினால் என்ன?” என்றேன். “நான் வர்த்தகம் படிக்கல்லையே” என்றார்.

நானும் படிக்கவில்லை, சாதாரண தரத்தோடு கடைக்கு வந்தவன். ஆனால் அவரைக் குறை சொல்வதற்கில்லை. “கடை உனக்கு வேண்டாம், உத்தியோகம் பார்” என்று என் மகனுக்குச் சொன்னவனும் நான்தான்.

1996இல் முழுப் பல்கலைக்கழகமான ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் முகாமைத்துவ வர்த்தக பீடம் ஒன்றுதான். கலை, அரபு, விஞ்ஞானம், பொறியியல் பயிலும் பிள்ளைகளுக்கும் வியாபாரப் புத்தி வேண்டாமா?

அதைக் கற்பிக்கப் பெரிய புத்தகம் தேவையில்லை. மருதமுனைக் கைத்தறிச் சாரன் பத்தைக் கையில் கொடுங்கள். ஒன்று 2,000 ரூபாய் என்று வைப்போம். கொள்முதல் 20,000, போக்குவரத்து 500. ஒன்றை 2,500க்கு விற்கிறார். எட்டுக்குக் கைக்காசு, இரண்டு கடன். கணக்கில் லாபம் 4,500. கையிலோ 20,000தான், போட்ட காசிலும் 500 குறைவு! லாபம் வேறு, கைக்காசு வேறு என்பது அன்றே விளங்கிவிடும். யாருக்கு என்ன நிறம் பிடிக்கும், யாருக்குக் கடன் கொடுக்கலாம் என்பதும் விளங்கும். நட்டம் வந்தாலும் தாங்கக்கூடிய நட்டம். தேவையை அறிதல், சிறிதாகச் செய்து பார்த்தல், கணக்கெழுதுதல் இம்மூன்றும்தான் தொழில் முயற்சியாண்மையின் அரிச்சுவடி.

நாலாவது ஒன்றும் உண்டு. 2004 டிசம்பர் 26 கடல் கொந்தளிப்பில் வீட்டோடு என் கடன் கொப்பியும் போய்விட்டது. யார் எவ்வளவு தரவேண்டும் என்பதற்கு எழுத்தில்லை. சில மாதங்களில் வாடிக்கையாளர் சிலர் தாமாகவே வந்து, “உங்களுக்கு இவ்வளவு தரணும்” என்று தந்தார்கள். அந்தக் காசில்தான் மீண்டும் துணி எடுத்தேன். நாணயமும் முதல்தான் என்பதை எந்தப் பீடத்துப் பிள்ளையும் கடையில் நின்றால் கண்ணால் காணலாம்.

வியாபார நண்பர்களே, வர்த்தகம் படிக்காத மாணவர் ஒருவரைச் சனிக்கிழமைகளில் மூன்று மாதம் கடையில் சேர்த்துக்கொள்ளுங்கள். பொதி தூக்க மட்டும் விடாதீர்கள். கொள்முதல் பில்லையும் கடன் கொப்பியையும் காட்டுங்கள். நாளை நம் கடைகளை யார் நடத்துவது என்ற கவலைக்கும் அதில் விடை கிடைக்கலாம்.

அந்தத் தம்பியைச் சனிக்கிழமை வரச் சொல்லியிருக்கிறேன். பத்துச் சாரன் எடுத்து வைத்தாயிற்று. மகனையும் கூப்பிட்டிருக்கிறேன்.