மைனஸ் பத்தில் ஓர் இரவு: எதை வாங்கலாம், எதை வாடகைக்கு எடுக்கலாம்?

டிசம்பர் பிறந்துவிட்டால் சென்னை, கோவை விளையாட்டுப் பொருள் கடைகளில் ஒரு கூட்டம் தனியாகத் தெரியும். நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டே தடித்த ஜாக்கெட்டை மாட்டிக் கண்ணாடி முன் நின்று பார்ப்பார்கள். முதல் தடவையாகப் பனிமலைக்குப் போகிறவர்கள். கூடையில் முதலில் விழுவது அந்த ஜாக்கெட்தான். கொண்டுவந்த பணத்தில் பாதி அதிலேயே போய்விடும். ஷூ, சாக்ஸ், கையுறையெல்லாம் மிச்சக் காசில் ஏதோ ஒன்று. பனியில் கூடாரம் போட்டு ஒரு ராத்திரி படுத்து எழுந்தவர்களைக் கேட்டால், இந்த வரிசையை அப்படியே தலைகீழாக்கச் சொல்வார்கள்.

இவர்களில் பலர் தேர்ந்தெடுக்கும் இடம் கேதார்காந்தா. உத்தராகண்டின் உத்தரகாசி மாவட்டத்தில், சுமார் 12,500 அடி உயரத்தில் இருக்கிறது. டேராடூனிலிருந்து 200 கிலோமீட்டர் போல மலைப்பாதையில் பகல் முழுக்கப் பயணம் செய்தால் சாங்க்ரி கிராமம் வரும். ஏற்றம் அங்கிருந்துதான் தொடங்குகிறது. சாங்க்ரிக்கும் உச்சிக்கும் ஏறக்குறைய 1,850 மீட்டர் வித்தியாசம். ஆயிரம் மீட்டர் ஏறினால் சராசரியாக 6.5 டிகிரி வெப்பம் குறையும் என்பது வானிலைக் கணக்கு. ஊரில் பூஜ்யம் என்றால் உச்சியில் மைனஸ் 12. காற்று வீசினால் உடம்புக்கு அதைவிடக் குளிரும்.

இருந்தாலும் அந்த ஜாக்கெட்டுக்குப் பகலில் பெரிய வேலை இல்லை. மூட்டையைச் சுமந்து ஏறும்போது கால் மணி நேரத்தில் வியர்த்துவிடும். ஜாக்கெட்டைக் கழற்றிப் பைக்குள் திணிக்க வேண்டியதுதான். முகாமுக்குப் போய் உட்கார்ந்த பிறகும் விடியற்காலையிலும் மட்டுமே அது உதவும். இறகு அடைத்த கோட்டின் பெருமையை யாரும் மறுக்க மாட்டார்கள். 1922 எவரெஸ்ட் பயணத்தில் ஜார்ஜ் ஃபிஞ்ச் பலூன் துணிக்குள் வாத்தின் மென்சிறகு அடைத்துத் தைத்த கோட்டுடன் வந்தபோது கூட வந்தவர்கள் கிண்டல் செய்தார்கள். குளிர் ஏறியதும் கிண்டல் அடங்கிவிட்டது. ஆனால் நான்கைந்து நாள் பயணத்துக்கு அதை நண்பரிடம் இரவல் வாங்கலாம், வாடகைக்கும் எடுக்கலாம். பிறகு சென்னையில் அதை எங்கே போட்டுக்கொள்வது?

ராத்திரி விஷயம் வேறு. படுத்திருப்பவரின் சூட்டைத் தரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். ஸ்லீப்பிங் பேக் எவ்வளவு விலையானதாக இருந்தாலும், முதுகுக்குக் கீழே வரும் பகுதி உடல் எடையில் நசுங்கிவிடும். நசுங்கிய பஞ்சுக்குள் காற்று நிற்காது. காற்று இல்லாவிட்டால் சூடும் நிற்காது. தடுப்பது அடியில் போடும் பாய்தான். பாய் எவ்வளவு குளிரைத் தடுக்கும் என்பதை ‘ஆர்-வேல்யூ’ என்ற எண்ணால் சொல்கிறார்கள். சாதாரண ஃபோம் பாய்க்கு அது 2 அளவில் இருக்கும். பனித்தரைக்கு 4, 5 வேண்டும். காற்றடைக்கும் குளிர்காலப் பாய் நல்லதுதான், விலைதான் கையைக் கடிக்கும். சிக்கனக்காரர்களுக்குச் சாதகமான சங்கதி ஒன்று உண்டு: ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு பாய் போட்டால் இந்த எண்கள் அப்படியே கூடும். அழைத்துப் போகும் நிறுவனம் ஒரு பாய் தரும்; சொந்தமாக ஒரு ஃபோம் பாயைச் சுருட்டிப் பைக்கு வெளியே கட்டிக்கொண்டால் 2-ம் 2-ம் 4. மொத்தப் பட்டியலிலும் கொடுத்த காசுக்கு இத்தனை பலன் தரும் பொருள் வேறு இல்லை.

ஸ்லீப்பிங் பேக்கை வாங்க வேண்டாம். மைனஸ் பத்தைத் தாங்கும் நல்ல சரக்கு பத்தாயிரம் ரூபாயைத் தாண்டிவிடும். பெரும்பாலான நிறுவனங்கள் கூடாரத்தோடு அதையும் தந்துவிடுகின்றன. வாடகைக்கு எடுப்பதானால் பையில் அச்சிட்ட மூன்று வெப்பநிலைகளையும் படிக்கத் தெரிய வேண்டும். இவை சர்வதேசத் தரச் சோதனைப்படி கணக்கிடப்பட்டவை. ‘கம்ஃபர்ட்’ என்பது சராசரி உடல்வாகுள்ள ஒரு பெண் நிம்மதியாகத் தூங்கக்கூடிய குளிர். ‘லிமிட்’ என்பது ஓர் ஆண் உடம்பைச் சுருட்டிக்கொண்டு எட்டு மணி நேரம் சமாளிக்கும் எல்லை. ‘எக்ஸ்ட்ரீம்’ என்றால் ஆறு மணி நேரம் உயிரோடு இருக்கலாம், அவ்வளவுதான். உடல் விறைத்துப்போகும் ஆபத்து அதிலேயே அடக்கம். கடைக்காரர் பெருமையாகக் காட்டும் ‘மைனஸ் பதினைந்து’ பெரும்பாலும் இந்த மூன்றாவது எண்ணாகத்தான் இருக்கும். பார்க்க வேண்டியது முதல் எண்ணை.

மிச்சமான பணம் காலுக்குப் போகட்டும். வலை வைத்த ஓட்டப் பயிற்சி ஷூவுக்குள் பனி புகுந்து உருகினால் பத்து நிமிடத்தில் விரல் மரத்துவிடும். தண்ணீர் புகாத, கணுக்காலுக்கு மேல் உயரும் பூட்ஸ் வேண்டும். அதை வாங்கச் சாயங்காலம் போக வேண்டும். பகலெல்லாம் நடந்த கால் சற்று வீங்கியிருக்கும். மலையில் போடப்போகும் கம்பளி சாக்ஸையே கடைக்கும் எடுத்துப்போய் மாட்டிப் பார்க்க வேண்டும். நின்று முன்பக்கம் சாய்ந்தால் விரல் நுனி இடிக்கக் கூடாது, இடித்தால் இறக்கத்தில் நகம் கறுத்துவிடும். குளிருமே என்று இரண்டு சாக்ஸைத் திணித்து இறுக்கினால் ரத்த ஓட்டம் குறைந்து கால் இன்னும் சில்லிட்டுப்போகும். புது பூட்ஸோடு நேராக ரயில் ஏறக் கூடாது. ஏலகிரியோ ஏற்காடோ, சில நடைகளில் அதைப் பழக்கிவிட வேண்டும்.

பூட்ஸ் நனைந்தே விட்டாலும் வழி இருக்கிறது. உலர்ந்த சாக்ஸைப் போட்டு, அதன் மேல் பிளாஸ்டிக் உறையை மாட்டி, பிறகு பூட்ஸுக்குள் காலை விட வேண்டும். ராத்திரி பூட்ஸை வெளியே விட்டால் காலையில் கல்லாகிவிடும். உறையில் கட்டி ஸ்லீப்பிங் பேக்கின் கால்மாட்டில் வைத்துக்கொள்வது வழக்கம்.

உடுப்பில் ஒரே விதி: பருத்தி கூடாது. திருப்பூர் பனியனில் வளர்ந்தவர்களுக்கு இது கொஞ்சம் கஷ்டம்தான். வெயிலில் நமக்கு உதவும் அதே குணம், வியர்வையை உறிஞ்சி வைத்துக்கொள்வது, பனியில் எதிரியாகிவிடும். காற்றைவிடத் தண்ணீர் ஏறக்குறைய 25 மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும். ஈர பனியன் உடம்பைக் குளிர்விக்கும் இயந்திரமாகிவிடும். மலிவு விலைத் தெர்மல்களில் பலவற்றிலும் பருத்தி கலந்திருக்கும், லேபிளைப் பார்த்தால் தெரிந்துவிடும். பீரோவில் கிடக்கும் பாலியெஸ்டர் கால்பந்து ஜெர்சி அடிச்சட்டைக்கு அருமையான பொருள், செலவே இல்லை. அதன் மேல் ஃப்ளீஸ், வெளியே காற்றையும் மழையையும் தடுக்கும் மெல்லிய மேலுடை. தூங்குவதற்கென்று உலர்ந்த ஜோடி ஒன்றைத் தொடாமல் வைத்திருப்பது உத்தமம்.

சின்னச் சாமான்களில் கறுப்புக் கண்ணாடியில் மட்டும் கஞ்சத்தனம் ஆகாது. புதுப்பனி புற ஊதாக் கதிர்களில் 80 சதவீதம் அளவுக்குத் திருப்பி அனுப்பும். நடைபாதையில் விற்கும் வெறும் இருட்டுக் கண்ணாடி இன்னும் மோசம்: இருட்டில் கண்மணி விரியும், தடுப்பு இல்லாத கதிர் தாராளமாக உள்ளே போகும். ‘யூவி 400’ என்று இருக்க வேண்டும். கையுறை இரண்டடுக்கு. குரங்குக் குல்லா வீட்டிலேயே இருக்கும். உச்சிக்கு நள்ளிரவு தாண்டிக் கிளம்புவார்கள் என்பதால் ஹெட்லாம்ப் கட்டாயம். குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும், மாற்று பேட்டரி உடம்போடு ஒட்டிய பாக்கெட்டில் இருக்கட்டும். தண்ணீர் மேலிருந்து உறையும் என்பதால் பாட்டிலைக் கவிழ்த்து வைத்தால் மூடிப்பக்கம் அடைக்காது. படுக்கும் முன் அதில் வெந்நீர் நிரப்பி ஸ்லீப்பிங் பேக்குக்குள் போட்டுக்கொண்டால் பாதங்களுக்குக் கணப்பு, காலையில் குடிக்கத் தண்ணீர்.

பூட்ஸின் அடியில் மாட்டும் முள் சங்கிலியான மைக்ரோஸ்பைக்ஸ், முழங்கால் வரை பனி புகாமல் மூடும் கெய்ட்டர், ஊன்றுகோல் எல்லாமே சாங்க்ரியில் வாடகைக்குக் கிடைக்கும். வாங்கும்போதே சங்கிலி எங்காவது அறுந்திருக்கிறதா, ரப்பர் வெடித்திருக்கிறதா என்று சொந்த பூட்ஸில் மாட்டிப் பார்ப்பது நல்லது. மேலே போன பிறகு மாற்றித்தர ஆள் கிடையாது.

விமானத்தில் போகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பவர் பேங்க் கைப்பையில்தான் வர வேண்டும். செக்-இன் பெட்டியில் வைத்தால் எடுத்துவிடச் சொல்வார்கள். ஊன்றுகோல் சொந்தமாக இருந்தால் அது பெட்டிக்குள் போகட்டும். அடுப்புக்கான கேஸ் டப்பாவுக்கு இரண்டிலுமே இடமில்லை.