மலையேறும் கல்

ஹட்டன் பக்கத்துத் தோட்டங்களில் வீடு கட்டக் கணக்குப் போடுபவர்கள் பெரும்பாலும் கல்லின் விலையோடு நிறுத்திவிடுகிறார்கள். கினிகத்தேனை, வட்டவளை வளைவுகளில் ஏறிவரும் லொறி கல்லை இறக்கும் இடம் வரைதான் அந்தக் கணக்கு சரி. அதற்கு மேல் தேயிலைக்கு நடுவே படிக்கட்டுதான். ஒவ்வொரு கல்லையும் கூலி கொடுத்துத் தோளில் ஏற்ற வேண்டும். காற்றூட்டிய இலகு கொங்கிரீட் கல்லுக்கு வரும் விளம்பரங்கள், வீடு குளிரும், ஏசி செலவு மிச்சம் என்கின்றன. அது வெயில் ஊர்க்காரர்களின் கவலை. மலையகத்துக்கு அதன் முதல் லாபம் எடை.

1920களில் சுவீடனில் ஆக்செல் எரிக்சன் உருவாக்கிய கல் இது. மணல் அல்லது நிலக்கரிச் சாம்பல், சுண்ணாம்பு, சீமெந்து கலந்த குழம்பில் சிறிதளவு அலுமினியத் தூளைச் சேர்த்தால் ஐதரசன் கிளம்பி, குழம்பு தோசை மாவாகப் பொங்கும். இறுகியதைக் கம்பியால் அறுத்து, சுமார் 180 பாகை நீராவியில் அழுத்தத்துடன் வேகவைக்கிறார்கள். ஒரு கன மீற்றர் சுமார் 600 கிலோதான். கட்டியான சீமெந்துக் கல் 2,000 கிலோவைத் தொடும். இரண்டடி நீளம், எட்டங்குல உயரம், நாலங்குலத் தடிப்புள்ள இலகு கல் ஏழு கிலோ சொச்சம். அதே அளவு சீமெந்துக் கல் சுமார் 25 கிலோ. தோட்டங்களுக்கான இந்திய உதவி வீட்டுத்திட்டத்தின் 550 சதுர அடி வீட்டுக்குச் சுவர் 15 கன மீற்றர் என்று வைத்தால், 30 தொன் ஏற்ற வேண்டிய இடத்தில் 9 தொன் போதும். பொந்துக் கல்லோடு ஒப்பிட்டால் லாபம் குறையும். அப்போதும் ஏறக்குறைய பாதிச் சுமை மிச்சம். சாதாரணக் கைவாளால் அறுக்கலாம் என்பதால் உடைசலும் குறைவு. வெயிலைத் தடுக்கும் அதே காற்றுக் குமிழிகள் மார்கழிக் குளிரில் உள்ளே இருக்கும் சூட்டையும் காக்கும். ஆனால் மேலே சீலிங் இல்லாத வெறும் தகரமென்றால் அந்தச் சூடு கூரை வழியே போய்விடும்.

மலையகத்து அடைமழையில் இந்தக் கல் தண்ணீர் குடிக்காதா என்று மேசன்மார் கேட்பது நியாயமான கேள்வி. பூசாமல் விட்டால் குடிக்கும். நிலத்திலிருந்து ஓரடி வரை கருங்கல்லோ சீமெந்துக் கல்லோ வைத்து, ஈரத்தடுப்புப் போட்டு, வெளிப்பக்கம் பூசி, தாழ்வாரத்தை அகலமாக இறக்கினால் அந்தக் குறை அடங்கும். வலு குறைவு என்பதும் உண்மையே. கொங்கிரீட் தூணும் வளையமும் பாரத்தைத் தாங்க, இடைச்சுவராக நிற்பதற்கு இந்தக் கல் தாராளம். மண்ணைத் தாங்கும் அணைசுவருக்கு ஆகாது. பாரமான அலுமாரியை மாட்ட அதற்கேற்ற ஆணி வேண்டும்.

வீடு இலேசானால் மண்சரிவு வராது என்று யாராவது விற்க வந்தால் நம்ப வேண்டாம். 2014 ஒக்டோபர் 29இல் மீரியபெத்தைத் தோட்டத்து லயங்களைப் புதைத்தது மழை குடித்த மலை. அந்த மண்ணின் பாரத்துக்கு முன் வீட்டுச் சுவர் எம்மாத்திரம்? இடம் தகுமா என்பதைத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்திடம் முதலில் கேளுங்கள். பிறகு கல்லின் அடர்த்தி, வலு பற்றிய சோதனை அறிக்கையை வாங்கிப் பாருங்கள். விலையை ஒப்பிடும்போது படிக்கட்டின் சுமைகூலியையும் சேர்த்தே கூட்டுங்கள்.