அரப்பில் என்ன இருக்கிறது?

புதுக்கோட்டை மாவட்டத்தில் கடின நீர்க் கிணறுகள் பல. அந்நீரில் சோப்புப் போட்டுத் தலை குளித்தால் முடி பிசுபிசுக்கும். கால்சியம், மக்னீசியம் உப்புகள் சோப்புடன் சேர்ந்து கரையாத கசடாகிவிடுகின்றன. அரப்பு தேய்த்தால் அந்தக் கசடு இல்லை. ஏன் தெரியுமா?

அரப்பு என்பது உசிலை மரத்தின் இலைப்பொடி. அதிலும் சீயக்காயிலும் சபோனின் என்ற பொருள் உண்டு. அதன் மூலக்கூறில் ஒரு பகுதி நீரை நாடும். மற்றது எண்ணெயை நாடும். எனவே எண்ணெய்த் துளியைச் சூழ்ந்து நீரோடு கொண்டுபோகிறது. நீரின் பரப்பு இழுவிசையும் குறைகிறது. தட்டு நீரில் மிளகுத்தூள் தூவி, வடிகட்டிய அரப்புக் கரைசலை நடுவில் ஒரு சொட்டு விடுங்கள். தூள் ஓரத்துக்கு ஓடும்!

ஷாம்பூ செய்வதும் இதே வேலைதான், கடின நீரிலும்கூட. நுரைதான் அதிகம்; நுரையால் அழுக்கு கூடுதலாகப் போய்விடாது. இயற்கைப் பொருள்தானே என்று கண்ணை மூடாமல் இருந்துவிடாதீர்கள், அரப்பும் எரியும்!